ஹூண்டாய் சின்னம்: வடிவமும் நிறமும்

ஹூண்டாய் சின்னம் என்பது தென்கொரியாவின் ஹூண்டாய் மோட்டார் நிறுவனம் தன் கார்களில் பொருத்தும் வணிக அடையாளம் ஆகும். நீள்வட்டம் ஒன்றுக்குள் வலப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும் ஆங்கில 'எச்' எழுத்தே இதன் வடிவம். சென்னையை அடுத்த ஐயப்பன்தாங்கலில் இருந்து பூந்தமல்லி வழியாகப் பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்றால், திருப்பெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் இந்நிறுவனத்தின் தொழிற்சாலை உள்ளது. இந்தியச் சாலைகளில் ஓடும் ஹூண்டாய் கார்களில் பெரும்பாலானவை இங்கே செய்யப்பட்டவை.

ஹூண்டாய் மோட்டார் 1967ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கொரிய மொழியில் 'ஹூண்டாய்' என்றால் நவீன காலம் என்று பொருள். பெயரின் முதல் எழுத்துதான் சின்னத்தில் இருக்கிறது என்பது வெளிப்படை. ஆனால் நிறுவனம் இன்னொரு விளக்கமும் தருகிறது. 'எச்' எழுத்தின் இரு கால்களும் இரண்டு மனிதர்கள். ஒருவர் நிறுவனம், மற்றவர் வாடிக்கையாளர். இருவரும் கைகுலுக்குவதே நடுவில் உள்ள கோடு. சுற்றியுள்ள நீள்வட்டம் உலகம் முழுவதும் பரவுவதைக் குறிக்கிறது. இந்தக் கைகுலுக்கல் யாராவது சொன்ன பிறகுதான் கண்ணில் படும் என்பது வேறு விஷயம்.

இதே எழுத்து ஜப்பானின் ஹோண்டா கார்களிலும் இருப்பதால் பலருக்கும் குழப்பம் வருகிறது. இந்தியாவில் இவ்விரு 'எச்'களும் ஒரே ஆண்டில் சாலைக்கு வந்தன. ஹோண்டா சிட்டி 1998 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்பட்ட ஹூண்டாய் சான்ட்ரோ அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. ஹீரோ ஹோண்டா மோட்டார் சைக்கிளால் ஹோண்டா என்ற பெயர் இங்கே ஏற்கெனவே பழக்கமானது; ஹூண்டாய் என்ற பெயரை எப்படி உச்சரிப்பது என்பதே மக்களுக்குத் தெரியாது. சான்ட்ரோ விளம்பரங்களில் நடித்த ஷாருக் கான், அறிமுகம் இல்லாத கொரிய நிறுவனத்தை நம்பலாமா என்ற தயக்கத்தோடு பேசுபவராகவே காட்டப்பட்டார்.

இரண்டையும் வேறுபடுத்துவது எளிது. ஹோண்டாவின் 'எச்' நிமிர்ந்து நிற்கும். அதன் கால்கள் மேலே செல்லச் செல்ல விரியும். சுற்றிலும் முனை மழுங்கிய நாற்கரச் சட்டம் இருக்கும். ஹூண்டாயின் 'எச்' சாய்ந்து, வளைந்து, நீள்வட்டத்தைத் தொட்டு நிற்கும்.

நிறத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஹூண்டாயின் நிறம் அடர்நீலம் என்பார்கள். விற்பனைக்கூடப் பலகை, விளம்பரம், இணையதளம் எல்லாவற்றிலும் அது உண்மைதான். ஆனால் காரில் உள்ள சின்னம் பெரும்பாலும் வெள்ளி நிறக் குரோம் பூச்சு கொண்டது. ஃபோர்டு இதற்கு நேர்மாறு. மறைமலைநகரில் செய்யப்பட்ட ஃபோர்டு கார்களின் முகப்பிலும் நீல நீள்வட்டமே இருந்தது. சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு என எந்த வண்ணக் காரிலும் ஒட்ட வேண்டிய பொருளுக்குச் சொந்த நிறம் இல்லாதது வசதி. குரோம் சுற்றியுள்ள ஒளியைப் பிரதிபலிப்பதால் எந்த வண்ணத்தின் மேலும் தனித்துத் தெரியும்.

பார்ப்பதற்கு உலோகம் போலிருந்தாலும், கார்களின் இத்தகைய சின்னங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதன்மேல் செம்பு, நிக்கல், கடைசியாக மிக மெல்லிய குரோமியம் என்று அடுக்கடுக்காக முலாம் பூசப்படுகிறது. பளபளப்பில் பெரும்பங்கு நிக்கலுடையது. குரோமியம் அது மங்காமல் காக்கிறது. சொரசொரப்பான துணியால் அழுத்தித் தேய்த்தால் இந்த மேல்பூச்சில் கீறல் விழும்.

கைப்பேசித் திரையில் சிறியதாகவும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால், அச்சிலும் திரையிலும் இன்று நிழல், பளபளப்பு இல்லாத தட்டையான சின்னமே பயன்படுகிறது. 2023இல் இந்தியாவில் அறிமுகமான ஐயோனிக் 5 மின்சாரக் காரின் ஸ்டீயரிங்கில் அதுவும் இல்லை. அதன் நடுவே இருப்பவை நான்கு புள்ளிகள். தந்தி அனுப்பப் பயன்பட்ட மோர்ஸ் குறியீட்டில் 'எச்' எழுத்துக்கு உரிய குறி அதுதான்.