தேசத்துக்குத் தேசம் மாறும் ஜன்னல்

வெளிச்சத்தையும் காற்றையும் வீட்டுக்குள் வரவழைப்பதே ஜன்னலின் காரியம் என்பது எங்கும் ஒன்றேயாயினும், அது எந்தத் திசையில் அசைய வேண்டும் என்பதை அந்தந்தத் தேசத்தின் சீதோஷ்ணமும் சட்டமும் தெருவின் தன்மையுமே நிர்ணயித்து வந்திருக்கின்றன.

லண்டன் மாநகரத்துப் பழைய வீடுகளின் ஜன்னல் கீலில் ஆடுவதன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பரவத் தொடங்கிய அவ்வகையில், கண்ணாடி பதித்த இரண்டு சட்டங்கள், ஒன்று மேலும் மற்றொன்று கீழுமாக, நிலையின் காடிகளுக்குள் ஏறி இறங்குகின்றன. ஒவ்வொரு சட்டத்தின் இருபுறமும் கட்டிய கயிறு, நிலையின் மேற்பகுதியிலுள்ள கப்பியைத் தாண்டி, பக்கத்து மரக்கூட்டினுள் கண்ணுக்குத் தெரியாமல் தொங்கும் இரும்புக் குண்டோடு பிணைந்திருக்கிறது. குண்டுகளின் எடையும் சட்டத்தின் எடையும் சமமாதலால், கனத்த கண்ணாடியும் சிறிதளவு பலத்துக்கே உயர்ந்து, விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். மேற்சட்டத்தைச் சற்று இறக்கிக் கீழ்ச்சட்டத்தைச் சற்று ஏற்றிவிட்டால், உஷ்ணக் காற்று மேலே வெளியேறவும் குளிர்ந்த காற்று கீழே புகவும் வழி பிறக்கிறது. இத்தனை எளிய உபாயத்தால் இத்தனை சௌகரியம் தரும் ஜன்னல் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். 1666-இல் பெருந்தீக்கு இரையான நகரம் மரத்தைக் கண்டு அஞ்சியது இயல்பே. ஆகவே மரநிலையைச் சுவரின் முகப்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளிப் பொருத்த வேண்டுமென 1709-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1774-இல் வந்த சட்டமோ அந்த மரக்கூட்டையே செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் செய்தது. அவ்வீடுகளின் ஜன்னல்கள் சுவருக்குள் ஆழ்ந்து கிடப்பதன் காரணம் இதுவே.

பிரான்ஸிலோ, வெயிலையும் திருடரையும் தடுக்கும் மரக்கதவுகள் வெளிப்புறத்தில் இருப்பதால், கண்ணாடிக் கதவுகள் இரண்டும் அறையை நோக்கித் திறக்கின்றன. ஜெர்மானியர் அதே உட்புறத் திறப்புக்கு இன்னொரு அசைவையும் சேர்த்தனர்: கைப்பிடி கீழ்நோக்கியிருக்கையில் பூட்டிய ஜன்னல், அதைக் கிடையாகத் திருப்பினால் கதவைப்போல் பக்கவாட்டில் திறக்கும், மேல்நோக்கித் திருப்பினாலோ, அடிப்புறம் நிலையிலேயே நிற்க, தலைப்புறம் மட்டும் உள்ளே சாயும். மழை பெய்தாலும் பெரும்பாலும் நீர் உள்ளே வராமல் காற்று மட்டும் வரும்.

கெய்ரோ நகரத்துப் பழைய மாளிகைகளில் கண்ணாடிக்கு வேலை குறைவு. கடைசல் பிடித்த சிறு மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த பின்னல் ஜன்னல் தெருவின் மீது துருத்தி நிற்கும்; உள்ளிருப்போர் வெளியைக் காணலாம், வெளியிலிருப்போர் உள்ளே காண இயலாது. கண்ணைக் கூசச் செய்யும் ஒளியைத் தடுக்கக் கீழ்ப்பகுதியின் பின்னல் நெருக்கமாகவும், காற்று தாராளமாய்ச் செல்ல மேற்பகுதி விசாலமாகவும் அமையும். அந்த ஜன்னலில் மண்குடங்களில் நீர் வைப்பது அக்கால வழக்கம். குடத்தின் நுண்துளைகளில் கசியும் ஈரம் வீசும் காற்றில் ஆவியாகும்போது நீரும் குளிர்ந்து, அறைக்குள் வரும் காற்றும் குளிர்கிறது.