நுண்ணோக்கியின் பழுதறிதல்

நுழையும்முன்

கருவி ஒன்று பழுதுபட்டால் உடனே அதனைப் பிரித்துத் துடைக்கக் கை துடிக்கும். ஆனால், பழுது எங்கே உள்ளது என்று அறிவதே முதற்பணி. துடைப்பது அதற்கு அடுத்த பணி. பழைய ஒளி நுண்ணோக்கி ஒன்றைச் சீராக்கும் முறையின் வழியாக அறிவியலுக்கு அடிப்படையான இந்த ஒழுங்கை அறிவோம்.

கடற்கரை நகரில் ஒரு கருவி

சென்னை இராயபுரத்தைச் சேர்ந்தது கல்மண்டபம். துறைமுகமும் காசிமேடு மீன்பிடித் துறையும் அதன் அருகில் உள்ளன. இங்கு வீசும் காற்றில் ஈரமும் உப்பும் கலந்திருக்கின்றன. சரக்குந்துகள் எழுப்பும் புழுதியும் ஆலைப் பகுதிகளின் நுண்துகள்களும் அவற்றோடு சேர்கின்றன. இத்தகைய ஊரில் பல்லாண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்த நுண்ணோக்கியை மூன்று கேடுகள் தாக்கும். உப்பு ஈரத்தை ஈர்த்து, இரும்புத் திருகுகளில் துருவையும் பித்தளையில் களிம்பையும் உண்டாக்கும். ஈரம் தங்கிய லென்சில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை படரும். திருகுகளில் இட்ட மசகு காய்ந்து இறுகும்.

படமே வழிகாட்டி

நுண்ணோக்கியில் ஒளி கீழிருந்து மேலாகச் செல்கிறது. ஆடியில் பட்டு, ஒளிகுவிக்கும் லென்சைக் கடந்து, கண்ணாடித் தகட்டில் உள்ள பொருளை ஊடுருவி, பொருளருகு லென்சு, கண்ணருகு லென்சு ஆகியவற்றின் வழியே நம் கண்ணை அடைகிறது. இப்பாதையில் எவ்விடத்தில் அழுக்கு இருந்தாலும் படம் கெடும். எவ்விடம் என்பதைக் கருவியைப் பிரிக்காமலேயே அறியலாம்.

படத்தில் கரும்புள்ளி ஒன்று தெரிகிறது எனக் கொள்வோம். கண்ணருகு லென்சை மெல்லச் சுழற்றினால் புள்ளியும் சுழல்கிறதா? அழுக்கு அந்த லென்சில் உள்ளது. கண்ணாடித் தகட்டை நகர்த்தினால் புள்ளியும் நகர்கிறதா? அது தகட்டில் உள்ளது. ஒளிகுவிக்கும் லென்சை ஏற்றி இறக்கும்போது புள்ளி தெளிந்தும் மங்கியும் மாறுகிறதா? அழுக்கு அந்த லென்சிலோ அதற்குக் கீழேயோ உள்ளது.

பொருளருகு லென்சில் படிந்த அழுக்கு பெரும்பாலும் புள்ளியாகத் தெரிவதில்லை. படம் முழுவதும் பனி மூடியதுபோல் மங்கும். வேறொரு பொருளருகு லென்சுக்கு மாற்றியதும் படம் தெளிந்தால், முன்னையதில்தான் குறை என்று முடிவு செய்யலாம். 40 மடங்கு லென்சில் இக்குறை மிகுதியாகக் காணப்படும். 100 மடங்கு லென்சுக்காக இட்ட எண்ணெய் அதன் முனையில் ஒட்டிக் காய்ந்திருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். தகட்டைத் தலைகீழாக வைத்தாலும் இந்த லென்சில் படம் தெளியாது. ஆகவே, லென்சைக் குறைகூறுமுன் தகட்டைப் பார்த்தல் வேண்டும்.

துடைக்கும் ஒழுங்கு

உலர்ந்த துணியால் லென்சை அழுத்தித் துடைப்பதே பலர் செய்யும் பெருந்தவறு. புழுதியில் உள்ள குவார்ட்சு மணல், மோ கடினத்தன்மை அளவில் 7 என்னும் எண்ணைப் பெறும். கண்ணாடி ஏறத்தாழ 5.5 அளவே பெறும். எனவே, துணிக்கும் லென்சுக்கும் இடையே சிக்கிய ஒரு மணல்துகள் அழியாத கீறலை இட்டுவிடும்.

முதலில் ரப்பர் குமிழால் காற்றை ஊதித் தூசியை அகற்றுக. அதன்பின் மென்மையான தூரிகையால் வருடுக. கறை எஞ்சியிருப்பின், லென்சு துடைக்கும் தாளில் ஒரு துளி காய்ச்சி வடித்த நீரை நனைத்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுழற்றித் துடைக்க. எண்ணெய்க் கறைக்கு மட்டும் தாளின் நுனியில் மிகச் சிறிதளவு ஆல்கஹாலைப் பயன்படுத்துக. அதனை லென்சின் மேல் நேரடியாக ஊற்றலாகாது. பழைய லென்சுகளை ஒட்டியுள்ள பிசின் கரைந்து, இணைந்த லென்சுகள் பிரியக்கூடும். ஒருமுறை துடைத்த தாளை மீண்டும் பயன்படுத்தலும் ஆகாது.

பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்குவது நம் வீட்டு வழக்கம். அதே முறையை நுண்ணோக்கியின் பித்தளைக் குழலுக்குக் கையாளுதல் கூடாது. பழைய குழல்களின்மீது பூசப்பெற்ற மெல்லிய மெருகு அதனால் அழியும். ஈரத் துணியால் ஒற்றி, உடனே உலர்த்துதலே போதும்.

மேடை தானாகக் கீழிறங்கினால், பெரிய திருகின் இறுக்கம் தளர்ந்துள்ளது என்று பொருள். திருகு சுழல மறுத்தால் மசகு இறுகியுள்ளது என்று பொருள். வலிந்து திருகினால் பற்கள் முறியும். லென்சுகளுக்கு இடையே பூஞ்சை படர்ந்திருந்தாலோ, உள்ளுறுப்புகளைப் பிரிக்க நேர்ந்தாலோ வல்லுநரை நாடுதலே முறை.

தெளிவின் பயன்

இவ்வளவு கவனம் எதற்கு? 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்டு ராஸ், கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். அப்போது அவருடைய நுண்ணோக்கியின் திருகுகள் அவர்தம் வியர்வையால் துருவேறியிருந்தன. எஞ்சியிருந்த ஒரே கண்ணருகு லென்சும் விரிசல் கண்டிருந்தது. தம் கருவியின் குறையை அறிந்து, அக்குறை எது, பொருள் எது என்று பிரித்தறிய வல்லவராக அவர் இருந்தார். அக்கண்டுபிடிப்புக்காக 1902-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகும் அனாபிலிஸ் கொசுவால் மலேரியா பரவும் நகரங்களுள் சென்னையும் ஒன்று. குருதிப் பூச்சை நுண்ணோக்கியில் ஆராய்வது இன்றும் அந்நோயை உறுதிசெய்யும் முதன்மையான முறைகளுள் ஒன்றாகும். இரத்தச் சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர். அதனுள் தங்கும் இளம் ஒட்டுண்ணியோ அதனினும் பன்மடங்கு சிறியது. லென்சின் மங்கல் உள்ள ஒட்டுண்ணியை மறைக்கும். லென்சின் கறை இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டும். முன்னது நோயாளிக்கு உரிய மருந்தைத் தடுக்கும். பின்னது வேண்டாத மருந்தைத் தரும்.

துடைத்து முடித்த கருவியை உறையிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா களிமத்துடன் காற்றோட்டமான இடத்தில் வைத்தல் வேண்டும். இராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் மழைக்காலத்தில் அக்களிமத்தை அடிக்கடி உலர்த்துதல் இன்றியமையாதது. கருவியைப் பேணுதலும் ஆய்வின் ஒரு பகுதியே. கண்ணில் படும் ஒவ்வொரு புள்ளியையும் பொருளா, கருவியின் குறையா என்று வினவிய பின்னரே குறிப்பேட்டில் பதிதல் வேண்டும்.