ஐந்து மீட்டர் கம்பியும் உச்சச் சூரியனும்

மாணவர்களே, ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு எரிவதற்கு ஏறக்குறைய 5 வாட் மின்சாரம் போதும். அதே 5 வாட்டைக் கொண்டு கேமரன் மலையின் கோலா தெர்லாவிலிருந்து ஜப்பானில் இருப்பவரோடு பேச முடியுமா? இணையம் கிடையாது. கைப்பேசிக் கோபுரம் கிடையாது. செயற்கைக்கோளும் கிடையாது. ஒரு வானொலிக் கருவியும் ஒரு கம்பியும் மட்டும்தான்.

முடியும். ஆனால், அதற்குச் சூரியன் ஒத்துழைக்க வேண்டும். அது தாராளமாக ஒத்துழைக்கும் காலம் சராசரியாக 11 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும்.

உலகெங்கும் உள்ள அமெச்சூர் வானொலியாளர்கள் இந்தக் காலத்துக்காகவே காத்திருப்பார்கள். 'ஹாம்' என்று அழைக்கப்படும் இவர்கள், தேர்வு எழுதி உரிமம் பெற்று, வருவாய்க்காக அல்லாமல் ஆர்வத்துக்காக வானொலியை இயக்குபவர்கள். இவர்களுக்கென்று போட்டிகளும் உண்டு. அவற்றுள் மிகப் பெரியது 'சி.கியூ. வேர்ல்டு வைடு' போட்டி. குரல்வழிப் போட்டி அக்டோபர் மாதக் கடைசி முழு வார இறுதியிலும், மோர்ஸ் குறிப் போட்டி நவம்பர் மாதக் கடைசி முழு வார இறுதியிலும் நடக்கும். ஒவ்வொன்றும் 48 மணி நேரம். நம் நேரப்படி சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கி, திங்கட்கிழமை காலை 8 மணிக்கு முடியும்.

2024 அக்டோபர் 15ஆம் தேதி, சூரியன் தன் 25ஆம் சுழற்சியின் உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக நாசா அறிவித்தது. அடுத்த 11ஆம் நாள் அந்த ஆண்டின் குரல்வழிப் போட்டி தொடங்கியது. வானொலியாளர்களுக்கு இதைவிட நல்ல பொருத்தம் அமைவது அரிது.

வானத்தில் ஒரு கண்ணாடி

சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதைத்தான் சூரியச் சுழற்சி என்கிறோம். தமிழ்நாட்டின் கொடைக்கானலில் 1899இல் அமைந்த சூரிய ஆய்வுக்கூடம், 1904 முதல் சூரியனைப் படம் எடுத்துவருகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், புள்ளிகள் பெருகுவதும் மறைவதும் கண்கூடாகத் தெரியும்.

புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் சூரியனிலிருந்து புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மிகுதியாக வரும். அவை நம் மேல் வளிமண்டல அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடும். இப்படி உருவாவதே அயனி மண்டலம். அதன் உயரமான அடுக்கு தரையிலிருந்து ஏறக்குறைய 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே எலக்ட்ரான்கள் போதிய அளவு நெருக்கமாக இருந்தால், கீழிருந்து போகும் வானொலி அலை வளைந்து மீண்டும் தரைக்கே திரும்பும். கண்ணாடியில் பட்ட ஒளிபோல.

28 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அடர்த்தியான கண்ணாடி தேவை. சூரியன் அடங்கியிருக்கும் ஆண்டுகளில் இந்த அலைகள் பெரும்பாலும் அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். உச்ச ஆண்டுகளிலோ நாள்தோறும் திரும்பி வரும். இன்னொரு நன்மையும் உண்டு. அயனி மண்டலத்தின் கீழடுக்கு வானொலி அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். அந்த இழப்பு அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. எனவே 7 மெகாஹெர்ட்ஸ் அலையைவிட 28 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இழப்பு ஏறத்தாழ 16 மடங்கு குறைவு. 5 வாட் கடல் தாண்டும் இரகசியம் இதுதான்.

கோலா தெர்லாவில் எங்கே கட்டுவது?

ஒரு கணக்குப் போடுவோம். 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 28.4 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஏறக்குறைய 10.6 மீட்டர். அதில் பாதி 5.3. கம்பியில் மின்னலை சற்று மெதுவாக ஓடுவதால் இன்னும் 5 விழுக்காடு கழியுங்கள். விடை 5 மீட்டர். அந்த நீளக் கம்பியை நடுவில் வெட்டி, இரு பாதிகளுக்கும் இணைப்பு கொடுத்து உயரத்தில் கட்டினால், அதுவே 'டைபோல்' ஆண்டெனா.

கேமரன் மலை உயரமான இடம், ஆகவே அலை தூரம் போகும் என்று நினைக்கிறீர்களா? 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணாடிக்கு, ஒன்றரைக் கிலோமீட்டர் மலை ஒரு பொருட்டே இல்லை. சுற்றியுள்ள மலைதான் பொருட்டு. அலை அடிவானத்தை ஒட்டித் தாழ்வான கோணத்தில் புறப்பட்டால், ஒரே தாவலில் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் போகும். இங்கிருந்து சென்னை ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர்தான். ஒரு தாவல் போதும். ஆனால், பள்ளத்தில் நின்றால் எதிர்மலை அந்தத் தாழ்வான கோணத்தை மறைத்துவிடும். மலை முகடு 15 பாகை உயரத்தில் தெரிந்தால், மிக நீண்ட தாவலே சுமார் 1,700 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும்.

ஒரு கோணமானியின் மையத்தில் நூல் கட்டி, அதில் சிறு கல்லைத் தொங்கவிடுங்கள். உங்கள் வீட்டு வாசலிலிருந்து நான்கு திசை முகடுகளையும் அளந்து பாருங்கள். எந்தத் திசையில் கோணம் குறைவோ, அந்தத் திசை நாடுகளோடு பேசுவது எளிது. எல்லாப் பக்கமும் மறைத்தால், தேயிலைச் சரிவில் இன்னும் சற்று மேலே ஏற வேண்டியதுதான்.

ஐந்து வினாடிப் பேச்சு

போட்டியில் குசலம் விசாரிக்க நேரமில்லை. ஒருவர் அழைப்புக் குறியைச் சொல்ல, மற்றவர் தன் குறியைச் சொல்வார். பிறகு இருவரும் இரண்டு எண்களைப் பரிமாறிக்கொள்வார்கள். முதல் எண் பெரும்பாலும் 59; 'குரல் தெளிவு, வலிமை நன்று' என்று பொருள். அடுத்தது மண்டல எண். இந்தப் போட்டியில் உலகம் 40 மண்டலங்கள். மலேசியா 28, ஜப்பான் 25, இந்தியாவும் இலங்கையும் 22.

நம் நாட்டிலிருந்து பேசுவோருக்கு ஆசியாவின் வேறு நாட்டுத் தொடர்பு 1 புள்ளி, வேறு கண்டத் தொடர்பு 3 புள்ளி. மொத்தப் புள்ளியை, தொட்ட மண்டலங்களும் நாடுகளும் சேர்ந்த எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். ஆசியாவுக்குள் 200 தொடர்புகள், 5 மண்டலங்கள், 10 நாடுகள் என்றால் 200 × 15 = 3,000. பிற கண்டங்களில் 100 தொடர்புகள், 10 மண்டலங்கள், 20 நாடுகள் என்றால் 300 × 30 = 9,000. பாதி உழைப்பு, மூன்று மடங்கு பலன்! இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போட்டி விதிப்படி சபாவும் சரவாக்கும் ஓசியானியாவைச் சேர்ந்த தனி 'நாடு'. கோலா தெர்லாவிலிருந்து கூச்சிங்கை அழைத்தாலும் 3 புள்ளி கிடைக்கும்.

எனவே எந்த நேரத்தில் எந்தத் திசை திறக்கும் என்று அறிந்தவரே முந்துவார். காலையில் 28 மெகாஹெர்ட்ஸ் கிழக்கே ஜப்பானுக்கும் பசிபிக்குக்கும் திறக்கும். பிற்பகலில் இந்தியாவும் மேற்கு ஆசியாவும், அந்தி நேரத்தில் ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் கேட்கும். இரவு ஏறியதும் இந்த வரிசை அடங்கிவிடும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும்.

திறப்பதும் மூடுவதும் அதே சூரியன்

2024 அக்டோபர் 3ஆம் தேதி எக்ஸ் 9.0 அளவுள்ள வெடிப்பு ஒன்று சூரியனில் நிகழ்ந்தது. அதன் எக்ஸ் கதிர்கள் 8 நிமிடங்களில் பூமியை அடைந்து, அயனி மண்டலத்தின் கீழடுக்கைத் தடிக்கச் செய்தன. பகலாக இருந்த பகுதிகளில் சிற்றலை வானொலி முடங்கியது. அப்போது மலேசியாவில் இரவு 8.18 மணி. சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருந்ததால் அந்தக் கதிர்கள் நம் வானத்தைத் தொடவில்லை.

போட்டியின் நடுவே இப்படி நேர்ந்தால் என்ன செய்வது? அனுபவசாலி கருவியை அணைக்க மாட்டார். உயர்ந்த அதிர்வெண் முதலில் மீளும் என்று தெரிந்து, அங்கே காத்திருப்பார். இருள் சூழ்ந்த திசை நாடுகளைத் தேடுவார்.

இந்தப் பழக்கம் விளையாட்டோடு முடிவதில்லை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற இந்திய வானொலியாளர் ஒரு குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேர் சென்றிருந்தார். அந்தத் தீவுகளிலிருந்து அமெச்சூர் வானொலி ஒலிப்பது அரிது என்பதால், உலகத்தோடு பேசவே போயிருந்தார்கள். 26ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது, அதே கருவிகளும் அதே காதுகளும் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி சுமந்தன. மண்சரிவும் சேற்று வெள்ளமும் கண்ட கேமரன் மலை மக்களுக்கு, சாலையும் கோபுரமும் ஒருசேரச் செயலிழந்தால் என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை.

நீங்கள் தொடங்க

உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். நம் நாட்டில் அதற்கான உரிமத்தை வழங்குவது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். ஆனால், கேட்டுப் பழக இன்றே தொடங்கலாம். நெதர்லாந்தின் துவென்தே பல்கலைக்கழகம் தன் சிற்றலை வாங்கியை இணையம் வழியே எல்லாரும் இலவசமாகக் கேட்கத் திறந்து வைத்திருக்கிறது. அடுத்த அக்டோபர் போட்டி நாளில் அதில் 28 மெகாஹெர்ட்ஸைத் திருப்புங்கள். மணிக்கொரு முறை எந்தெந்த நாட்டுக் குறிகள் கேட்டன என்று ஏட்டில் எழுதுங்கள். பக்கத்தில் அன்றைய கரும்புள்ளி எண்ணையும் குறியுங்கள். ஆண்டுதோறும் செய்தால், சூரியன் அடங்கிவருவது உங்கள் ஏட்டிலேயே தெரியும்.

உச்சம் தாண்டிய பிறகும் ஓரிரு ஆண்டுகள் 28 மெகாஹெர்ட்ஸ் கலகலப்பாகவே இருப்பதுண்டு. அதன்பின் நீண்ட அமைதி. அடுத்த உச்சம் 2035ஆம் ஆண்டை ஒட்டி வரலாம். இன்று படிவம் இரண்டில் படிப்பவர் அப்போது இருபதுகளின் நடுவில் இருப்பார். அதற்குள் உரிமமும் காதுப் பழக்கமும் கைவந்திருந்தால், சூரியன் மறுபடி கதவைத் திறக்கும் நாளில் அழைப்புக் கொடுக்க அவர் தயாராக இருப்பார்.