நிழல் விழும் பக்கம்

வெள்ளவத்தையில் வளர்ந்தவர்களுக்குக் கரையோர ரயிலில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்டையில் ஏறினால் வலப்பக்கம். கடல் கூடவே வரும். அதே நாங்கள் கட்டுநாயக்கவில் கொடுத்த இருக்கையை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுகிறோம். கொட்டாஞ்சேனை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிள்ளைகளோடு காலை விமானத்தில் சென்னைக்குப் போகிறேன். இராமர் அணை எந்தப் பக்கம் தெரியும்?"

இடப்பக்கம். கொழும்பிலிருந்து சென்னை ஏறத்தாழ நேர் வடக்கு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர் நீளும் மணல் தீடைகள் அந்தப் பாதைக்கு மேற்கே கிடக்கின்றன. காலையில் சூரியன் வலப்பக்கம் இருப்பதால் ஆழமில்லாத நீருக்குள் போகும் வெளிச்சம் வெண்மணலில் பட்டுப் பச்சையும் நீலமுமாகத் திரும்பி வரும். மாலையில் அதே யன்னலில் கடல் புதுத் தகரம்போலக் கண்ணைக் கூசவைக்கும். பறக்கும் திசையும் நேரமும் கேட்காமல் "சிறந்த இருக்கை" என்று எண் சொல்லும் காணொளிகளை நம்பாதீர்கள்.

அணையை முகில் மூடிவிட்டால்? எனக்கு அதைவிடப் பிடித்த காட்சி அப்போதுதான் வரும். வெயிலுக்கு எதிர்ப்பக்க யன்னலால் கீழே பாருங்கள். முகிலில் விமானத்தின் நிழல் ஓடும். அதைச் சுற்றி நிற வளையங்கள், வெளியோரம் சிவப்பு. முகில் நெருங்க நெருங்க நிழல் பெருக்கும், வளையம் பெருக்காது. இதை வட்ட வானவில் என்று பகிர்கிறார்கள். தவறு. வானவில்லின் ஆரம் 42 பாகை. இதுவோ நீட்டிய கையின் முட்டிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பெயர் குளோரி.

குளோரி எப்படி உண்டாகிறது? லிப்டன் சுற்றுவட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வந்த ரோட்டாலேயே திரும்ப விரும்பும் ஓட்டோ, வட்டத்தைச் சுற்றி வெளியேறும். மில்லிமீற்றரில் நூறில் ஒன்றிரண்டு பங்கே உள்ள முகில் துளியின் விளிம்பை உரசிப் புகும் வெளிச்சமும் அப்படித்தான். ஆனால் உள்ளே ஒரு தரம் மோதித் திரும்பினால் கணக்கில் சுமார் 14 பாகை குறைகிறது. அந்தக் குறையைத் துளியின் மேற்பரப்போடு ஒட்டித் தவழ்ந்து வெளிச்சம் நிறைவுசெய்கிறது. நடைபாதை ஓரத்தை உரசிக்கொண்டே கடைசி வளைவை எடுக்கும் ஓட்டோ அது! இந்தச் சுற்றுவட்டத்தில் விளிம்பு முழுவதும் ரோடு. ஒருவழிச் சட்டமும் இல்லை. வலமாகவும் இடமாகவும் சுற்றி வருபவை சில்லுக்குச் சில்லு ஒத்து வெளியேறும் கோணத்தில் வெளிச்சம் கூடும், ஒத்துப்போகாத கோணத்தில் மங்கும். சில்லு என்பது வெளிச்சத்தின் அலைநீளம்: சிவப்பு ஓட்டோவினது பெரியது, நீலத்தினது சிறியது. ஒத்துப்போகும் கோணமும் நிறத்துக்கு நிறம் மாறுகிறது. துளி சிறிதானால் வளையம் பெரிதாகும்.

வரலாறு வேண்டுமென்றால்: 18ஆம் நூற்றாண்டில் அந்தீஸ் மலையில் பியர் பூகேயும் உல்லோவாவும் இதைக் கண்டு எழுதினார்கள். 1894இல் ஸ்கொட்லாந்தின் பென் நெவிஸ் உச்சியில் கண்ட சி.டி.ஆர். வில்சன், முகிலை ஆய்வுகூடத்தில் உண்டாக்க முயன்று முகிலறையை உருவாக்கி, 1927இல் நோபல் பரிசு பெற்றார்.

அந்தீஸில் நின்றவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் தலை நிழலைச் சுற்றி மட்டுமே வளையத்தைக் கண்டார்கள். விமானத்திலும் அதே விதிதான்: வளையத்தின் நடு, பார்ப்பவரின் கண்ணிலிருந்து சூரியனுக்கு நேரெதிர்த் திசையில் விழும். ஒருமுறை வால்பக்க வரிசையில் இருந்து எடுத்த படத்தை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன். வளையத்தின் நடு இறக்கைக்குப் பின்னால், வாலுக்குச் சற்று முன்னால், நான் இருந்த இடத்திலேயே நின்றது.

நண்பகல் விமானம் இதற்கு உதவாது. ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்புக்கு நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கே வந்துவிடும்; நிழல் விமானத்தின் வயிற்றுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். திரும்பி வருவதும் காலையில் என்றால் வலப்பக்கம் கேளுங்கள்: அணையும் நிழலும் அந்தப் பக்கமே.

வாசகிக்கு ஒன்று. பிள்ளைகளில் ஒருவரை முன் வரிசையிலும் மற்றவரைப் பின் வரிசையிலும், இருவரையும் இடப்பக்க யன்னலோரம் இருத்துங்கள். விமானம் இறங்கும்போது, முகில் கிட்டத்தில் வந்து நிழல் பெரிதாகும் நேரத்தில், வளையத்தின் நடு எங்கே என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் மூக்குப் பக்கம் என்பார், மற்றவர் வால் என்பார். இருவர் சொல்வதும் சரி.