திறந்த மூல மென்பொருளில் பதிப்பெண்ணும் கிளைப் பராமரிப்பும்

0. முன்னுரை

நூலின் பதிப்பெண் அந்நூல் எத்தனையாவது முறை பதிப்பிக்கப் பெற்றது என்பதைச் சுட்டும். மென்பொருளின் பதிப்பெண்ணோ, புதிய பதிப்பை ஏற்பவர்க்கு நேரக்கூடிய விளைவையும் உணர்த்த வேண்டியதாகிறது. திறந்த மூல மென்பொருளில் ஆக்குவோர்க்கும் பயன்படுத்துவோர்க்கும் இடையே பெரும்பாலும் தனி ஒப்பந்தம் இல்லை. எனவே அங்குப் பதிப்பெண்ணே ஒருவகை வாக்குறுதியாக அமைகின்றது.

1. எண்ணிடும் முறைகள்

இவற்றை மூன்றாகப் பகுக்கலாம்.

அ) மாற்றத்தின் தன்மையைக் காட்டுவது. மூன்று உறுப்புடைய எண்ணில் முதலெண் மாறின் பழைய நிரல்கள் இயங்காமற் போகலாம். இடையெண் மாறின் பழையன கெடாமல் புதியன சேர்ந்துள்ளன. கடையெண் மாறின் பிழைதிருத்தம் மட்டுமே நிகழ்ந்துள்ளது.

ஆ) காலத்தைக் காட்டுவது. 2004 அக்டோபரில் வெளியான உபுண்டுவின் முதற்பதிப்பு 4.10 என்னும் எண் பெற்றது.

இ) நிறைவை நோக்குவது. டொனால்டு கனூத் ஆக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் பதிப்பெண், திருத்தந்தோறும் ஓரிலக்கம் நீண்டு 'பை' என்னும் கணித மதிப்பை நெருங்குகின்றது. 2021இல் அது 3.141592653 ஆயிற்று.

2. பைத்தான் தரும் படிப்பினை

2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3.0, பழைய நிரல்களோடு ஒவ்வாதது. முதலெண் மாற்றம் அதனை முறைப்படி அறிவித்தது. மாற்றத்தின் காரணங்களுள் ஒன்று தமிழாய்வாளர்க்கு நெருக்கமானது. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் 'தமிழ்' என்னும் சொல்லை இயல்பான சரமாக எழுதினால் அதன் நீளம் பைத்தான் 2இல் 15, இவை பைட்டுகள். பைத்தான் 3இல் 5. இவை யுனிகோடு குறிகள். இலக்கணம் கூறும் எழுத்துகளோ மூன்றே. ஆதலின் எழுத்தெண்ணும் பழைய நிரல்கள் மீளாய்வுக்கு உரியவாயின.

எண் உண்மை கூறியும் பலர் உடனே மாறவில்லை. 2010இல் வெளியான 2.7 கிளைக்கு 2015 வரை என வகுத்த பராமரிப்புக் காலம், 2014இல் 2020 வரை நீட்டிக்கப்பட்டது. அதுவரை இரு கிளைகளிலும் திருத்தம் செய்யும் சுமை, பெரும்பாலும் தன்னார்வலராகிய பராமரிப்பாளர்மேல் விழுந்தது.

3. முடிவுரை

பதிப்பெண் 'எது மாறும்' என்பதற்கு விடை கூறும். கிளைக் கொள்கை 'பழையது எந்நாள் வரை காக்கப்படும்' என்பதற்கு விடை கூறும். ஒன்றின்றி மற்றொன்று நிறைவுறாது. பைத்தான் 3.9 முதல் ஆண்டுக்கொரு பதிப்பு வெளியிட்டு, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ ஐந்தாண்டு காக்கும் முறை மேற்கொள்ளப்பட்டுள்ளது. காக்க இயலும் அளவுக்கே கிளைகளை வைத்து, முடிவுநாளை முன்கூட்டியே அறிவிப்பதே இரு சாரார்க்கும் நன்மை தருவதாகும்.