ஊர் கூடி எடுத்த படங்கள்

சேவல் திருடிய கிழவி கேன்ஸ் போன கதை

ஒரு கிழவி ஊரில் இருந்த சேவலைத் திருடிக்கொண்டு போய்விட்டாள். சேவல் கூவவில்லை. அதனால் அந்த ஊரில் பொழுதே விடியவில்லை!

கன்னட நாட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த கதை இது. மைசூரில் மருத்துவம் படித்த சிதானந்த நாயக் என்ற இளைஞர், இதை 16 நிமிடம் ஓடும் குறும்படமாக எடுத்தார். 2024-ம் ஆண்டு மே மாதம், பிரான்சு நாட்டுக் கேன்ஸ் படவிழாவில், திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்கான 'லா சினெஃப்' பிரிவில் அந்தப் படம் முதல் பரிசைத் தட்டிச் சென்றது. பரிசுத் தொகை 15 ஆயிரம் யூரோ.

போட்டி சாதாரணமானது அல்ல. உலகெங்கும் 555 கல்லூரிகளில் இருந்து 2,263 படங்கள் வந்தன. தேறியவை 18. அவற்றில் முதலிடம் மைசூர் டாக்டருக்கு!

டாக்டர் பட்டம் கையில் இருந்தால் ஆஸ்பத்திரியில் அமர்ந்து நிம்மதியாகச் சம்பாதிக்கலாம். அவரோ புனே திரைப்படக் கல்லூரியில் ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தார். படிப்பின் முடிவில் எடுக்கவேண்டிய பயிற்சிப் படமாகத்தான் இதை எடுத்தார். படப்பிடிப்புக்குக் கிடைத்தது நான்கே நாட்கள்.

சொல்லாத கதை சும்மா இராது

கைத்தொழிலை விட்டுவிட்டுக் கதை சொல்லப் புறப்படும் இந்த வெறி எங்கிருந்து வருகிறது?

இதற்கும் மைசூரில் பிறந்த ஒருவரே பதில் வைத்திருக்கிறார். 1929-ல் மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் ஏ.கே. ராமானுஜன். சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர். கன்னட நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார்.

அவற்றுள் ஒன்று இது. ஒரு பெண்ணுக்கு ஒரு கதையும் ஒரு பாட்டும் தெரியும். யாரிடமும் அவள் சொல்லவில்லை. உள்ளே அடைபட்டுக் கிடந்த இரண்டும், அவள் தூங்கும்போது வெளியே தப்பின. கதை செருப்பாக மாறி வாசலில் கிடந்தது. பாட்டு ஆண்பிள்ளைச் சட்டையாக மாறி ஆணியில் தொங்கியது. வந்து பார்த்த புருஷன் சந்தேகப்பட்டான். வீட்டில் சண்டை மூண்டது!

கதை தெரிந்தவன் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது அவனை நிம்மதியாக இருக்க விடாது.

கிராமத்தார் நடித்த படம்

மைசூருக்குப் பக்கத்தில், மண்டியா மாவட்டத்தில் நோடெகொப்பலு என்ற சிற்றூர் இருக்கிறது. ராம் ரெட்டி என்ற இளைஞர், அந்த ஊர்க்காரரான ஈரே கவுடாவுடன் சேர்ந்து ஒரு கதை எழுதினார். 101 வயதுக் கிழவர் இறந்துபோகிறார். பதினொன்றாம் நாள் காரியத்துக்குள் குடும்பத்தில் நடக்கும் கூத்துதான் 'திதி'.

நடித்தவர்கள் நடிகர்கள் அல்ல, கிராமத்து மக்கள். 2015-ல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ படவிழாவில் இந்தப் படத்துக்கு இரண்டு பரிசுகள் கிடைத்தன. சிறந்த கன்னடப் படத்துக்கான தேசிய விருதும் வந்தது.

இரண்டு ரூபாய் தயாரிப்பாளர்கள்

திறமை இருக்கிறது. பணத்துக்கு எங்கே போவது? பெரிய நடிகர் இல்லாத படத்துக்குக் கடன் தர பைனான்சியர்கள் தயங்குவார்கள்.

குஜராத் பால்காரர்கள் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். ஐந்து லட்சம் பேர், ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டார்கள். பத்து லட்சம் சேர்ந்தது. சியாம் பெனகல் 1976-ல் 'மந்தன்' படத்தை எடுத்து முடித்தார். கதாநாயகன் நம் கன்னடத்துக் கிரீஷ் கர்னாட். படம் வெளியானதும், பணம் போட்ட விவசாயிகள் லாரி லாரியாக வந்து பார்த்தார்கள். தங்கள் படம் அல்லவா!

சென்னை பிரசாத் நிறுவனத்தின் பங்களிப்போடு புதுப்பிக்கப்பட்ட அந்தப் படம், 2024-ல் கேன்ஸ் விழாவில் மறுபடியும் திரையிடப்பட்டது. சிதானந்த நாயக் பரிசு வாங்கிய அதே விழா!

கர்நாடகத்திலும் இது நடந்திருக்கிறது. பவன்குமார் என்ற டைரக்டர், தயாரிப்பாளர் கிடைக்காமல் பொதுமக்களிடம் கேட்டார். 27 நாட்களில் 110 பேர் சுமார் 50 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். 2013-ல் வெளியான அந்த 'லூசியா'தான், பிறகு சித்தார்த் நடித்து 'எனக்குள் ஒருவன்' என்று தமிழில் வந்தது.

மைசூரில் படித்த எழுத்தாளர் பூர்ணசந்திர தேஜஸ்வியின் சிறுகதை ஒன்றை, அவருடைய வாசகர்கள் சுமார் நூறு பேர் பணம் போட்டுப் படமாக்கினார்கள். சசாங்க் சோகால் டைரக்ட் செய்த 'டேர்டெவில் முஸ்தஃபா' அது. 2023-ல் திரைக்கு வந்தது.

உழைப்பாளிகள் செய்யக்கூடியது

மாதச் சம்பளக்காரர் படத்துக்குப் பணம் போட முடியுமா என்று கேட்கலாம். போடலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. கொடுப்பது நன்கொடையா, பங்கா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பங்கு என்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். போட்டது திரும்பி வராமலும் போகலாம். பிள்ளையின் படிப்புக்கும் வீட்டு வாடகைக்கும் வைத்த பணத்தைத் தொடவே கூடாது.

பணம் போட இயலாதவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு. படத்தை முதல் வாரத்திலேயே போய்ப் பார்ப்பதுதான் அது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்களில் கூட்டம் வராவிட்டால், திங்கட்கிழமை காட்சிகள் குறைந்துவிடும். "நல்ல படம்" என்ற பேச்சு பரவுவதற்குள் படம் கொட்டகையை விட்டே போய்விடும். பெரிய நடிகர் படம் ஒரு வாரம் பொறுத்தாலும் தாங்கும். புதியவர் படம் தாங்காது.

மைசூர்த் தமிழர்களுக்குக் கன்னடம் அன்னியமல்ல. ஆலையிலும் அலுவலகத்திலும் கடைவீதியிலும் அன்றாடம் பேசும் மொழி. தமிழிலும் கன்னடத்திலும் புதியவர்களின் படம் எது வந்தாலும், உடன் வேலை செய்யும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு முதல் ஞாயிற்றுக்கிழமையே போகலாம்.

குஜராத் பால்காரர்கள் கொடுத்தது ஆளுக்கு இரண்டே ரூபாய். ஐம்பது ஆண்டாகியும் அந்தப் படம் நிற்கிறது.