தென்சென்னைப் புறநகரில் டூயத்லான் பயிற்சி

டூயத்லான் என்பது ஓட்டம், மிதிவண்டி, மீண்டும் ஓட்டம் என்ற வரிசையில் இடைவெளியின்றி நடத்தப்படும் பல்விளையாட்டுப் போட்டி ஆகும். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகியவை அடங்கிய நெடுமுப்போட்டியிலிருந்து (டிரையத்லான்) இது கிளைத்தது. நீச்சல் குளம் தேவைப்படாததாலும், சாதாரண மிதிவண்டியுடன் தொடங்கலாம் என்பதாலும், தாம்பரம், வண்டலூர், மேடவாக்கம், கேளம்பாக்கம் போன்ற தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் வேலைக்கும் கல்லூரிக்கும் செல்வோர் பயில ஏற்ற விளையாட்டாக இது உள்ளது. இப்பகுதியில் பயிற்சியின் எல்லைகளை வகுப்பவை வெயிலும் சாலைப் போக்குவரத்தும் ஆகும்.

வரலாறு

நெடுமுப்போட்டி 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் முதன்முதலாக நடத்தப்பட்டது. 1978-இல் ஹவாயில் தொடங்கிய 'அயர்ன்மேன்' போட்டி (3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. மிதிவண்டி, 42.2 கி.மீ. ஓட்டம்) இதற்குப் பெரும் புகழ் தந்தது. நீச்சலுக்குப் பதில் மற்றோர் ஓட்டம் சேர்ந்த போட்டி முதலில் 'பயத்லான்' எனப்பட்டது. பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் இணைந்த குளிர்கால விளையாட்டுக்கும் அதே பெயர் இருந்ததால், பின்னர் 'டூயத்லான்' என்ற பெயர் நிலைத்தது. இதன் உலக வாகையர் போட்டிகள் 1990 முதல் நடைபெறுகின்றன. நெடுமுப்போட்டி 2000-ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. டூயத்லான் ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை.

சென்னையில் 2006-இல் தொடங்கிய 'சென்னை ரன்னர்ஸ்', 2008-இல் தொடங்கிய 'சென்னை டிரெக்கிங் கிளப்' ஆகிய தன்னார்வக் குழுக்கள், தொழில்முறை சாராதோரிடையே நெடுந்தொலைவு ஓட்டத்தையும் பல்விளையாட்டுப் பயிற்சியையும் பரப்பின. மிதிவண்டி இந்நகருக்குப் புதியதன்று. டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இலேயே தொடங்கப்பட்டு அம்பத்தூரில் மிதிவண்டிகளைத் தயாரித்தது.

போட்டி அமைப்பு

வழக்கமான தொலைவுகள் வருமாறு:

குறுந்தொலைவு: 5 கி.மீ. ஓட்டம், 20 கி.மீ. மிதிவண்டி, 2.5 கி.மீ. ஓட்டம்
நியமத் தொலைவு: 10 கி.மீ. ஓட்டம், 40 கி.மீ. மிதிவண்டி, 5 கி.மீ. ஓட்டம்

ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடம் 'மாற்றிடம்' எனப்படும். அங்கு செலவாகும் நேரமும் போட்டி நேரத்தில் சேரும். மிதிவண்டியைத் தாங்கியிலிருந்து எடுக்கும் முன்பே தலைக்கவசத்தின் வாரைப் பூட்டியிருக்க வேண்டும். குறிக்கப்பட்ட கோட்டைக் கடந்த பின்னரே வண்டியில் ஏற வேண்டும்.

பயிற்சி முறை

மிதிவண்டியையும் ஓட்டத்தையும் தனித்தனியே நன்கு பயின்றவரும் இரண்டாம் ஓட்டத்தில் தடுமாறுவதுண்டு. மிதிவண்டியில் உடலின் எடையை இருக்கை தாங்குகிறது. இடுப்பு மடிந்த நிலையிலேயே தொடையின் முன்தசைகள் வட்டமாக உழைக்கின்றன. ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் கால்கள் முழு எடையையும் தாங்கித் தரையை உந்த வேண்டும். இம்மாற்றத்தின் முதல் சில நிமிடங்களில் கால்கள் கனத்து, சொல்வதைக் கேளாதவை போலத் தோன்றும். தசையில் சேமிக்கப்பட்ட மாவுச்சத்தும் அதற்குள் ஓரளவு குறைந்திருக்கும்.

இதற்குத் தீர்வாக அமைவது மிதிவண்டியிலிருந்து இறங்கியவுடன் ஓடும் 'பிரிக்' பயிற்சி ஆகும். இது ஆங்கிலத்தில் செங்கல்லைக் குறிக்கும் சொல். தொடக்கநிலையில் ஒரு மணி நேர மிதிவண்டிக்குப் பின் 10 முதல் 15 நிமிட மெதுவோட்டம், வாரம் ஒரு முறை போதுமானது. மிதிவண்டியின் இறுதி சில நிமிடங்களில் இலகுவான பல்லிணைக்கு மாற்றி, நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்றுகள் மிதித்தால் ஓட்டத்துக்கு மாறுவது எளிதாகும்.

அலுவலகம் செல்லும் ஒருவரின் வாரத்தை இவ்வாறு பிரிக்கலாம்: இரண்டு நாள் ஓட்டம், ஒரு நாள் குறுகிய மிதிவண்டிப் பயணம், விடுமுறை நாளில் நீண்ட மிதிவண்டிப் பயணமும் அதையடுத்துச் சிற்றோட்டமும், குறைந்தது ஒரு நாள் முழு ஓய்வு. பயிற்சியின் பெரும்பகுதி பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். மூச்சும் இதயமும் சில வாரங்களில் வலுப்பெறும்; தசைநாண்களும் எலும்பும் வலுப்பெற மாதங்களாகும். ஓட்டத்தின் தொலைவைத் திடீரென உயர்த்துவோருக்கு முழங்காலிலும் கீழ்க்காலிலும் காயம் உண்டாவது இதனால்தான்.

பாதைகள்

தாம்பரத்திலிருந்து ஜி. எஸ். டி. சாலை வழியே வண்டலூரை அடைந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பினால் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை தொடங்குகிறது. 20 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான இச்சாலை பழைய மாமல்லபுரம் சாலையில் சேர்கிறது. மேலும் கிழக்கே சென்றால் கோவளத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடையலாம். தாம்பரம்–கோவளம் ஒருவழித் தொலைவு சுமார் 30 கி.மீ. ஆகும். எனவே நியமத் தொலைவான 40 கி.மீ.யைப் பயில்வோர் கேளம்பாக்கத்தை அடையும் முன்னரே திரும்பிவிடலாம். இப்பகுதி பெரும்பாலும் சமதளமானது. காலை ஏறியபின் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்குவதால், தாமதமாகக் கிளம்புவோர் கோவளம் நோக்கிச் செல்கையில் எதிர்காற்றைச் சந்திப்பர்.

ஓட்டத்துக்கு ஏரிக்கரைகளும் குடியிருப்புத் தெருக்களும் பயன்படுகின்றன. கிழக்குத் தாம்பரத்தில் மரங்கள் அடர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகம் உள்ளது. இத்தகைய நிறுவன வளாகங்களில் ஓட அனுமதி பெற வேண்டும்.

வெப்பமும் நீரும்

சென்னையின் மே மாதப் பகல் வெப்பம் சராசரியாக 37 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும். 31 மே 2003 அன்று 45 பாகை பதிவாகியது. வெப்பத்தைவிட ஈரப்பதமே ஓடுவோரை அதிகம் வருத்துகிறது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துவிடும். மிதிவண்டியில் எதிர்படும் காற்று இதை ஓரளவு ஈடுசெய்வதால், வெப்பத்தின் தாக்கம் இறங்கி ஓடத் தொடங்கியதும்தான் தெரியும். வெப்பத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும்.

இதனால் பயிற்சி விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. கதிரவன் மே இறுதியில் 5.45 மணிக்குச் சற்று முன்பும், சனவரியில் 6.30 மணிக்குப் பின்னும் உதிக்கிறது.

நீண்ட பயிற்சியில் வெறும் நீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். உப்பிட்ட நீர்மோரோ உப்பு-சர்க்கரைக் கரைசலோ (ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு) நல்லது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி; சோடியம் குறைவு. ஓடுபவர் குழப்பமாகப் பேசினாலோ தள்ளாடினாலோ அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுதும் நீர் ஊற்றிக் குளிர்வித்து, 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

சாலைப் பாதுகாப்பு

விடியற்காலையில் சாலை வெறிச்சோடியிருப்பதே வாகனங்களை விரைவாக ஓட்டத் தூண்டுகிறது. இரவெல்லாம் ஓட்டியவர்கள் களைத்திருக்கும் நேரமும் அதுவே. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட பின், தென்மாவட்டப் பேருந்துகள் பலவும் வண்டலூரை ஒட்டியே புறப்படுகின்றன. எனவே முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, தலைக்கவசம், ஒளி எதிரொளிக்கும் ஆடை ஆகியவை இன்றியமையாதவை. காதில் இசைக்கருவி பொருத்தி ஓட்டுதல் கூடாது. ஓடுவோர், நடைபாதை இல்லாத இடத்தில், எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தவாறு சாலையின் வலப்பக்கம் ஓட வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் சாலைப் பள்ளங்களும் திறந்த வடிகால்களும் நீரில் மறைகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவாகியது. நீர் தேங்கிய நாட்களில் மிதிவண்டியை வீட்டினுள் உருளைத் தாங்கியில் பூட்டி மிதிப்பதும், அதன்பின் மாடிப்படி ஏறுவதும் மாற்றாக அமையும். ஒரு நாள் பயிற்சி தவறுவதால் உடற்தகுதி குறைந்துவிடாது.

இவற்றையும் பார்க்க

நெடுமுப்போட்டி
மாரத்தான்
தாம்பரம்